எட்சிங்கின் மறுமலர்ச்சியை உருவாக்கியவர்கள் ஓவியர்களா, அச்சோவிய வணிகர்களா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் எட்சிங் கலை (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மையேற்றித் தாளில் அச்சிடும் முறை) மீண்டும் தழைத்த கதையைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி மட்டும் தீராமல் நிற்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கேள்வி எழுந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்காட்சியில், லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் விஸ்லரின் வெனிஸ் எட்சிங்குகளில் ஒன்றான 'நாக்டர்ன்' என்ற படத்தின் இரண்டு பிரதிகளை அடுத்தடுத்து மாட்டியிருந்தார்கள். இரண்டும் ஒரே செம்புத் தகட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒன்றில் நீரும் வானும் ஏறக்குறைய வெற்றுத் தாளாகக் கிடந்தன. கப்பலின் பாய்மரங்கள் மட்டும் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. மற்றதில் மை ஒரு திரைபோல் முழுப் பரப்பிலும் தங்கி, பின்னிரவின் இருள் அப்படியே இறங்கியிருந்தது. ஒரே தகட்டிலிருந்து இரண்டு வேறு பொழுதுகள் பிறந்ததைப் பார்த்தபோது, 'நகல்' என்று நான் அதுவரை பொருள்கொண்டிருந்த சொல் அங்கே செல்லாது என்று புரிந்தது. படத்தின் ஓரத்தை ஒட்ட வெட்டி, கீழே ஒரு சிறு நாக்குப் போன்ற தாள் துண்டை மட்டும் விட்டு, அதில் வண்ணத்துப்பூச்சி வடிவிலான தம் கையொப்பத்தை அவர் பென்சிலால் இட்டிருந்தார்.

வீடு திரும்பிப் படித்தபோது, அந்த வெனிஸ் பயணத்துக்கே லண்டனின் ஒரு வணிக நிறுவனம்தான் பணம் தந்தது என்று அறிந்தேன். அதற்கு முன்பே பாரிஸில் ஒரு பதிப்பாளர் எட்சிங் ஓவியர்களின் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தார் என்றும் அறிந்தேன். எனில், இந்த மறுமலர்ச்சியை ஓவியர்கள் தொடங்கி, வணிகர்கள் பின்னால் வந்து பயன் பெற்றார்களா? அல்லது விற்பதற்கு ஒரு புதிய சரக்கு வேண்டும் என்று வணிகர்கள்தான் இதை எழுப்பினார்களா? பென்சில் கையொப்பம், இத்தனை பிரதிகள் மட்டுமே என்ற வரையறை ஆகிய வழக்கங்கள் கலையின் தேவையால் வந்தவையா, சந்தையின் தேவையால் வந்தவையா?

முதல் மறுமொழி

வணக்கம் ஐயா. நல்ல கேள்வி. ஆனால் 'ஓவியர் முதலா, வணிகர் முதலா' என்று பிரிப்பதற்கு முன், அச்சோவியத்தில் வணிகரின் இடம் மற்றக் கலைகளில் உள்ளதைப் போன்றதன்று என்பதை நினைவில் வைக்க வேண்டும். எண்ணெய் ஓவியத்தை வணிகர் முடிந்த பொருளாக வாங்கி விற்கிறார். அச்சோவியத்திலோ தகட்டுக்கும் தாளுக்கும் அச்சடிப்பவருக்கும் முன்பணம் போடுபவர் யாரோ, அவர்தான் எத்தனை பிரதிகள் வெளிவர வேண்டும் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்கிறார்.

இது பழைய நிலைமை. ஆண்ட்வெர்ப் நகரில் 1540களின் இறுதியில் ஹியரோனிமஸ் கோக் 'நான்கு காற்றுகள்' என்ற பெயரில் ஓர் அச்சோவியப் பதிப்பகத்தை நடத்தினார். பீட்டர் புரூகல் வரைந்த, பெரிய மீன்கள் சிறிய மீன்களை விழுங்கும் காட்சியை 1557இல் அவர் வெளியிட்டபோது, அதை உருவாக்கியவர் என்று புரூகலின் பெயரைப் பொறிக்காமல், நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட ஹியரோனிமஸ் போஷின் பெயரைப் பொறித்தார். அந்த நாளில் போஷின் பெயருக்குத்தான் விற்பனை இருந்தது. தகட்டில் யாருடைய பெயர் நிற்க வேண்டும் என்பதைக்கூட வணிகர் தீர்மானித்த காலம் அது.

ஆனால் அதே வணிகர் இனத்திலிருந்துதான் அச்சோவியத்தை ஆராய்ந்து பார்க்கும் கண்ணும் வந்தது. இந்தப் பக்கத்தைப் பலரும் சொல்வதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். பாரிஸில் கடை நடத்திய எட்ம்-பிரான்சுவா ஜெர்சான் என்ற வணிகர், பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் எட்சிங்குகள் அனைத்தையும் தொகுத்துப் பட்டியலிட்டார். அவர் இறந்த மறு ஆண்டான 1751இல் அது வெளிவந்தது. ஓர் ஓவியரின் அச்சோவியங்கள் முழுவதற்கும் ஒரே நூலாக அமைந்த முதல் பட்டியல் அதுவே. ஒரு தகடு எத்தனை நிலைகளைக் கடந்தது, எந்த நிலையில் எந்தக் கோடு சேர்ந்தது, எது முந்தைய பிரதி, எது தகடு தேய்ந்த பின் எடுத்த பிரதி என்றெல்லாம் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. ரெம்பிராண்டின் தகடுகள் அவருடைய மறைவுக்குப் பிறகும் வணிகர்களிடம் கைமாறிக்கொண்டே இருந்தன. ஆம்ஸ்டர்டாம் வணிகர் கிளெமென்ட் தெ யோங்கவின் 1679ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியலில் மட்டும் அவற்றில் 74 இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பாரிஸில் பாஸான் என்ற வணிகர் அந்தத் தகடுகளைச் செப்பனிட்டுப் பிரதிகள் எடுத்து விற்றுக்கொண்டிருந்தார். தேய்ந்த தகட்டின் சோர்ந்த பிரதிகள் சந்தையில் பெருகப் பெருக, ஓவியரே எடுத்த முந்தைய பிரதியின் மதிப்பு ஏறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மறுமலர்ச்சி இந்த ரெம்பிராண்ட் வழிபாட்டின் மேல்தான் எழுந்தது.

இனி பாரிஸுக்கு வருவோம். ஓவியர்கள் தாமாகத் தொடங்கினார்கள் என்பதில் ஐயமில்லை. ஷார்ல் மெரியோன் என்ற முன்னாள் கடற்படை அதிகாரி 1850க்கும் 1854க்கும் இடையில் பாரிஸ் நகரின் காட்சிகளை எட்சிங்காக வரைந்தார். இடிக்கப்படவிருந்த பழைய பாரிஸ் அந்தத் தகடுகளில் ஒருவித அச்சத்தோடு நிற்கிறது. அவற்றை வாங்க ஆளில்லை. வறுமையிலும் மனநோயிலும் உழன்று, 1868இல் ஷாரன்டோன் மனநலக் காப்பகத்தில் அவர் இறந்தார். விற்பனை இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. நோயின் வேர் வேறு. ஆனால் எட்சிங்கை வாங்குவதற்கென்று ஒரு கூட்டம் உருவாகாத காலத்தில் மிகச் சிறந்த கைகூட எந்த நிலையில் இருந்தது என்பதற்கு மெரியோனைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அவருடைய பிரதிகளுக்கு விலை ஏறியது அவர் காலத்துக்குப் பிறகுதான்.

அந்தக் கூட்டத்தை உருவாக்க முனைந்தவர் ஆல்பிரெட் கதார். அச்சடிப்பவரான ஒகுஸ்த் தெலாத்ரோடு சேர்ந்து 1862இல் எட்சிங் ஓவியர் சங்கத்தை நிறுவினார். மாதம் 5 எட்சிங்குகள் கொண்ட தொகுப்பு சந்தாதாரர்களுக்குச் சென்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த முதல் தொகுப்பிலேயே பிராக்மோன், தோபினி, லெக்ரோ, ரிபோ ஆகியோரோடு எதுவார் மனேயும் இருந்தார். ஐந்தாண்டுகளில் சுமார் 300 தகடுகள் இவ்வாறு வெளிவந்தன. கதார் படங்களை மட்டும் விற்கவில்லை. எட்சிங்குக்கு வேண்டிய பொருள்களை விற்றார். மாக்சிம் லாலான் எழுதிய செய்முறை நூலை 1866இல் வெளியிட்டார். அதே ஆண்டு பிரெஞ்சு எட்சிங்குகளை எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்கே சென்றார். வாங்குபவரை மட்டுமன்றி, வரைபவரையும் உண்டாக்கிய பதிப்பாளர் அவர்.

கவனிக்க வேண்டியது, அதே 1862இல் கவிஞர் ஷார்ல் போதலேர் எட்சிங்கைப் போற்றி எழுதினார் என்பதும், போற்றிக்கொண்டே இது மிகவும் தனிமனிதத் தன்மை கொண்ட, ஆகவே பெருங்கூட்டத்தின் விருப்பத்துக்கு உரியதாக ஆக முடியாத கலை என்று ஐயப்பட்டார் என்பதும் ஆகும். அவருடைய ஐயத்தில் உண்மை இருந்தது. சங்கம் 1867க்கு மேல் நீடிக்கவில்லை. கதார் உடனே வேறு பெயரில் வேறு தொகுப்புகளைத் தொடங்கி, 1875இல் இறக்கும்வரை அதை விடாமல் செய்தார். அவருக்குப் பின் அவர் மனைவி நடத்தினார். இலாபம் மட்டுமே நோக்கமாக இருந்தவர் இத்தனை முறை மீண்டும் தொடங்கியிருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதிய நண்பரின் விவரங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் பட்டறையில் தகட்டோடு உழைப்பவன் என்ற முறையில், வணிகருக்கும் ஓவியருக்கும் நடுவில் நிற்கும் ஒருவரை நாம் கடந்து போய்விடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் அச்சடிப்பவர். கேள்வி கேட்ட ஐயா பார்த்த இரண்டு 'நாக்டர்ன்' பிரதிகளின் வேறுபாடு முழுவதும் அச்சடிக்கும் கையில் இருக்கிறது.

வேலை எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். செம்புத் தகட்டின் மேல் மெழுகும் நிலக்கீலும் பிசினும் கலந்த பூச்சை மெல்லியதாக ஏற்றி, புகையில் காட்டிக் கருப்பாக்குகிறோம். ஊசியால் அந்தப் பூச்சைக் கீறும்போது செம்பு பளிச்சென்று வெளித் தெரியும். பிறகு தகட்டை அமிலத்தில் இடுகிறோம். நைட்ரிக் அமிலமாக இருந்தால் கோடுகளின் மேல் சிறுசிறு குமிழிகள் வரிசையாக எழும். அவற்றை ஓர் இறகால் மெல்ல ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு சீராக இராது. முதலில் தகட்டை வெளியே எடுத்து, மெல்லியதாக நிற்க வேண்டிய கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு, மற்றவற்றை மீண்டும் அமிலத்தில் இடுகிறோம். உளியால் செதுக்குபவருக்குக் கோட்டின் ஆழம் தோள் வலுவிலிருந்து வருகிறது. எங்களுக்கு அது நேரத்திலிருந்து வருகிறது. பல ஆண்டுகள் உளிப் பயிற்சி பெறாத ஓவியரும் தாளில் வரைவது போலவே தகட்டில் வரைய முடிந்ததால்தான் மனேயும் தோபினியும் இதற்குள் வந்தார்கள்.

கோடு பிறந்தபின் நடப்பதுதான் தெலாத்ரின் களம். சூடான தகட்டில் மையைத் தேய்த்து ஏற்றி, மஸ்லின் துணியால் துடைப்போம். அதற்கு முந்தைய தலைமுறையில், கோட்டுக்குள் மை, கோட்டுக்கு வெளியே சுத்தம் என்பதே நல்ல அச்சுக்கு இலக்கணம். தெலாத்ர் அந்த இலக்கணத்தைத் தளர்த்தினார். பரப்பின் மேல் மையின் மெல்லிய படலம் தங்கும்படி துடைத்தார். துடைத்து முடித்த தகட்டின் மேல் மென்துணியை லேசாக இழுத்து, கோட்டிலிருந்து மை சற்றே வெளியே கசியும்படி செய்தார். நிழலும் ஈரமும் அந்தியும் அதனால் வந்தன. விஸ்லர் 1858இல் வெளியிட்ட முதல் எட்சிங் தொகுப்பை அச்சிட்டவர் அவர்தான். இந்த வழியின் எல்லை வரை சென்றவர் லுதோவிக் லெபிக்: ஒரே தகட்டிலிருந்து மையின் வேறுபாட்டால் மட்டும் 85 வேறு காட்சிகளை அவர் எடுத்துக் காட்டினார். வெனிஸில் விஸ்லர் தாமே அச்சடிப்பவராக மாறி, பிரதிகளில் வண்ணத்துப்பூச்சிக்கு அருகில் 'இம்ப்' என்ற சுருக்கெழுத்தையும் எழுதினார். 'நானே அச்சிட்டேன்' என்பது அதன் பொருள்.

ஒவ்வொரு பிரதியும் தனித்தது என்ற எண்ணம் இவ்வாறு பட்டறையில் பிறந்தது. வணிகர்கள் பிறகு அதற்கு விலை வைத்தார்கள். எண்ணத்தை அவர்கள் உண்டாக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

இத்தனை பிரதிகள் மட்டுமே என்ற வரையறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கும் பட்டறையில்தான் தொடக்கம். ஊசியால் நேரடியாகச் செம்பைக் கீறும் டிரைபாயிண்ட் முறையில் கோட்டின் ஓரத்தில் ஒரு பிசிறு எழும். அந்தப் பிசிறில் மை தங்குவதால் கோடு வெல்வெட் போலக் கருமை கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறை அச்சு உருளை ஏறும்போதும் பிசிறு நசுங்குகிறது. சில பத்துப் பிரதிகளுக்குள் அது போய்விடும். அமிலக் கோடு கொண்ட தகடு சில நூறு பிரதிகள் வரை தாங்கும். ஆகவே 'குறைவாகத்தான் கிடைக்கும்' என்பது முதலில் செம்பின் குணம். 1850களின் பிற்பகுதியில் செம்புத் தகட்டின் மேல் மின்முறையில் மிக மெல்லிய இரும்புப் படலம் ஏற்றும் வழி வந்தது. படலம் தேய்ந்தால் கரைத்துவிட்டுப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். கீழே செம்பு குலையாமல் இருக்கும். அன்றிலிருந்து ஒரு தகடு ஆயிரக்கணக்கில் பிரதிகள் தரக்கூடியதாயிற்று. இயற்கையான அருமை போய்விட்டது. அந்த இடத்தில்தான், இத்தனைக்கு மேல் எடுக்க மாட்டோம் என்ற வாக்குறுதி தேவைப்பட்டது. தொகை முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துக் கெடுத்துவிடும் வழக்கமும் அந்த வாக்குறுதியைக் காப்பதற்காகவே பரவியது.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரும்புப் படலத்தைப் பற்றிய விளக்கம் எனக்கு முற்றிலும் புதியது. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். செம்பின் குணமாக இருந்த ஒன்று வணிகரின் வாக்காக மாறியது என்றால், அந்த வாக்கை வாங்குபவர் எதைக்கொண்டு நம்பினார்? பென்சில் கையொப்பம் அதற்காகத்தான் வந்ததா? விஸ்லரின் லண்டன் ஒப்பந்தத்தைப் பற்றியும் யாராவது விரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மூன்றாம் மறுமொழி

வணக்கம். லண்டன் சந்தையைப் பற்றி நீண்ட நாள் படித்தவள் என்பதால், இதற்கு நான் விடை சொல்ல முயல்கிறேன்.

நம்பிக்கைச் சிக்கல் இங்கிலாந்தில் எட்சிங் மறுமலர்ச்சிக்கு முன்பே எழுந்துவிட்டது. புகழ்பெற்ற ஓவியங்களைப் பார்த்து உளியால் செதுக்கிய பெரிய அச்சோவியங்கள்தான் அப்போது பெருவணிகம். முதலில் எடுக்கும் சிறந்த பிரதிகளுக்கு விலை அதிகம் என்பதால், அவை எத்தனை என்பதில் ஏமாற்று நடக்கும் என்ற அச்சம் இருந்தது. 1847இல் லண்டன் அச்சோவிய வணிகர்கள் ஒரு சங்கம் அமைத்து, பதிப்பாளர் அறிவித்த எண்ணிக்கைக்கு உட்பட்ட பிரதிகளில் மட்டும் சங்க முத்திரை குத்தும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஆக, பிரதியின் எண்ணிக்கைக்கு உறுதி தரும் வழக்கத்தை எட்சிங் ஓவியர்கள் கண்டுபிடிக்கவில்லை. தாங்கள் எதை எதிர்த்துக் கிளம்பினார்களோ, அந்தச் செதுக்கோவியச் சந்தையிலிருந்தே அதை எடுத்துக்கொண்டார்கள்.

எதிர்ப்பு என்பதையும் சும்மா சொல்லவில்லை. கதாரின் சங்கத்துக்கு 1863இல் முன்னுரை எழுதிய தியோஃபில் கோத்தியே, புகைப்படத்தையும் கல்லச்சான லித்தோகிராஃப்பையும் மட்டுமன்றி, குறுக்குக் கோடுகளுக்கு நடுவே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி வைக்கும் செதுக்கு முறையையும் எதிரிகளாகப் பெயர் சொல்லியே அறிவித்தார். அந்தப் புள்ளியை நீங்கள் பழைய நாணயத் தாள்களின் உருவப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கையின் ஓட்டம் எதுவும் தெரியாத, இயந்திரம் போன்ற அந்த ஒழுங்குக்கு எதிராகத்தான் எட்சிங்கின் சுதந்திரமான கோடு நிறுத்தப்பட்டது.

இப்போது விஸ்லர். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் மீது அவர் தொடுத்த அவதூறு வழக்கில் 1878இல் வென்றாலும், கிடைத்த இழப்பீடு ஒரே ஒரு ஃபார்த்திங் (கால் பென்னி); வழக்குச் செலவும் தலைமேல் விழுந்தது. மறு ஆண்டு அவர் திவாலானார். அந்த நிலையில் ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற நிறுவனம், பெயரில் சங்கம் போல ஒலித்தாலும் 1876இல் லண்டனில் தொடங்கப்பட்ட வணிக நிறுவனம், வெனிஸுக்குச் சென்று 12 எட்சிங்குகள் செய்து தர அவரை ஒப்பந்தம் செய்தது. 1879 செப்டம்பரில் புறப்பட்டவர் சில மாதங்களில் திரும்ப வேண்டியவர். பதினான்கு மாதங்கள் தங்கிவிட்டார். சுமார் 50 தகடுகளோடு வந்தார். அவற்றில் 12ஐ நிறுவனம் 1880 டிசம்பரில் காட்சிக்கு வைத்தது. நூறு தொகுப்புகள், தொகுப்புக்கு 50 கினி (52½ பவுண்டு) என்பது விலை. ஒவ்வொன்றையும் தாமே அச்சிட வேண்டும் என்ற பிடிவாதத்தால், நூறையும் முடித்துத் தரும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. வணிகர் காத்திருந்தார். அந்தப் பொறுமைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்; நீங்கள் பார்த்த இரண்டு பிரதிகளும் அந்தக் காத்திருப்பால் கிடைத்தவையாக இருக்கக்கூடும்.

ஒப்பந்தம் எவ்வளவு இறுக்கமாகப் பார்க்கப்பட்டது என்பதற்கு 1881இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். விஸ்லரின் மைத்துனரும் அறுவை மருத்துவருமான பிரான்சிஸ் சீமோர் ஹேடன், சொந்தமாக வரையும் எட்சிங் ஓவியர்களுக்கென்று முந்தைய ஆண்டு ஒரு சங்கம் அமைத்திருந்தார். அதன் முதல் கண்காட்சிக்கு ஃபிராங்க் டுவெனெக் என்ற அமெரிக்கரின் வெனிஸ் எட்சிங்குகள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்த ஹேடனும் லெக்ரோவும், விஸ்லர்தான் புனைபெயரில் படம் அனுப்பியிருக்கிறாரோ என்று ஐயுற்று, நேராக ஃபைன் ஆர்ட் சொசைட்டிக்குச் சென்று அங்கிருந்த விஸ்லர் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டுவெனெக் உண்மையான மனிதர். அவரும் அதே காலத்தில் வெனிஸில் வரைந்துகொண்டிருந்தவர். விஸ்லர் சினந்து, இது தொடர்பான கடிதங்களை அச்சிட்டு வெளியிட்டார். ஓவியர்கள் ஒரு கோட்டின் உரிமையாளரை உறுதிசெய்ய வணிகரின் கடைக்குச் சென்றார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அதிகாரம் எங்கே குடிபெயர்ந்துவிட்டது என்பதை அந்த ஒரு நடை காட்டுகிறது.

பென்சில் கையொப்பத்தைப் பொறுத்தவரை, தகட்டுக்குள் பெயரைப் பொறிப்பது பழைய வழக்கம். அது ஆயிரமாவது பிரதியிலும் இருக்கும். தாளின் மேல் பென்சிலால் இடும் கையொப்பமோ, இந்தப் பிரதியை நான் பார்த்தேன், ஏற்றேன் என்று சொல்கிறது. விஸ்லரும் ஹேடனும் அதைப் பரவலாக்கினார்கள். 1880களில் அது வழக்கமாகிவிட்டது. எத்தனையாவது பிரதி என்று பின்னம் போல எண் இடுவது அதற்கும் பின், இருபதாம் நூற்றாண்டில்தான் பொதுவழக்காயிற்று. வணிகர்கள் இந்தப் பசியை இன்னும் ஊதிவிட்டார்கள். தகட்டின் ஓரத்தில் ஊசியைச் சோதிக்க ஓவியர்கள் கிறுக்கிய சிறு உருவங்களை, முந்தைய பிரதியின் அடையாளமாக்கி, அந்தப் பிரதிகளுக்குத் தனி விலை வைத்தார்கள். பிறகு அந்த உருவங்களை வேண்டுமென்றே வரைந்து தரும்படி கேட்டார்கள். அகன்ற தாள் ஓரமும், தகட்டின் மிகப் பெரிய அளவும், இந்த ஓர உருவமும் விஸ்லருக்குப் பிடிக்காதவை. 1886இல் எழுதியே கண்டித்தார். அவர் தாளின் ஓரத்தை வெட்டியெறிந்ததை அந்தக் கண்டனத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவிலும் வணிகர்களின் பங்கு பெரிது. நியூயார்க்கில் ஃபிரெடெரிக் கெப்பல் படங்களை விற்றதோடு எட்சிங் பற்றி ஊர் ஊராக உரையாற்றினார். ஓவிய வணிகரான சாமுவேல் ஏவரி தாம் சேர்த்த 17,775 அச்சோவியங்களை 1900இல் நியூயார்க் பொது நூலகத்துக்குக் கொடையாகத் தந்தார். அந்த நூலகத்தின் அச்சோவியப் பிரிவே அதிலிருந்துதான் தொடங்கியது.

இத்தனை நன்மைக்கும் பிறகு, அழிவும் அதே கைகளிலிருந்துதான் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின், டி. ஒய். கேமரன், மியூர்ஹெட் போன், ஜேம்ஸ் மெக்பே ஆகியோரின் புதிய எட்சிங்குகளைப் பங்குப் பத்திரம் போல வாங்கினார்கள். பதிப்பு வெளிவரும் முன்பே விற்றுத் தீர்ந்து, சில வாரங்களில் ஏலத்தில் பன்மடங்கு விலைக்குப் போனது. 1929இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபோது வாங்குபவர்கள் ஒரேயடியாக மறைந்தார்கள். எட்சிங்கில் தொடங்கிய இளைஞர் கிரஹாம் சதர்லண்ட், அந்தச் சந்தை இல்லாமற் போனதால்தான் ஓவியத்துக்குத் திரும்பினார். நல்ல ஓவியராக வளர்ந்தார் என்பது உண்மை. ஆனால் அவருடைய 1920களின் சிறு தகடுகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வழியில் இன்னும் எவ்வளவு தூரம் சென்றிருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டாம் மறுமொழியை எழுதியவர் மீண்டும்

1847ஆம் ஆண்டு முத்திரையைப் பற்றி அம்மையார் சொன்னதை ஏற்கிறேன். வரையறைக்குத் தொடக்கம் பட்டறைதான் என்று நான் எழுதியது முழு உண்மை அன்று. செம்பின் தேய்மானமும் வணிகரின் முத்திரையும் தனித்தனி வழிகளில் வந்து, இரும்புப் படலத்தின் காலத்தில் ஒன்று சேர்ந்தன என்று திருத்திக்கொள்கிறேன்.

கேட்ட ஐயாவுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அடுத்த முறை அந்த இரண்டு பிரதிகளையும் பார்க்க நேர்ந்தால், இருண்டதன் முன் சற்றுப் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் தாளின் மேல் சாய்வாக விழும்படி பாருங்கள். வானத்தில் மைப் படலம் ஒரே சீராக இராது. துணி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது மெல்லிய வரிகளாகத் தெரியும். சில இடங்களில் அவர் விரலாலேயே துடைத்து ஒளியை எடுத்திருப்பதும் தெரியக்கூடும். பிறகு வெளிறிய பிரதிக்கு வந்து, பாய்மரக் கோடுகள் இரண்டிலும் ஒரே ஆழத்தில் கடித்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கோடு தேயாமல், படலம் மட்டும் மாறியிருந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எடுத்தவையாக இருக்கலாம். கோடே மெலிந்திருந்தால், இரண்டுக்கும் இடையில் அந்தத் தகடு பல முறை உருளைக்கு அடியில் சென்று வந்திருக்கிறது.